கொரோலா 121 காரின் பின்சக்கர இரைச்சல்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி, அதிகச் செலவின்றித் திருத்துவது எப்படி?

வெள்ளவத்தை 121 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. 1500 சீசீ இயந்திரம், ஒட்டோ கியர், பின்பக்கம் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை ஷூ அழுத்தி நிறுத்தும் வகை). அப்பா வாங்கிப் பேணிய காரை இப்போது நான் ஓட்டுகிறேன். சில வாரங்களாக இடது பின்சக்கரப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வருகிறது. கொழும்புக் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ஒன்றும் தெரிவதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டியதும் மெல்லிய முனகலாகத் தொடங்கி, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 80, 90 என்று போகும்போது பின்னால் இருக்கும் அம்மாவுடன் குரலை உயர்த்திக் கதைக்க வேண்டிய அளவுக்குப் பெருகிவிடுகிறது.

இதைத் தவிர இன்னொரு சத்தமும் இருக்கிறது. காலையில் காரை வெளியே எடுத்ததும், மெதுவாகச் செல்லும் முதற் சில நிமிடங்களில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு முறை ‘சர்க், சர்க்’ என்று ஏதோ உரசுகிறது. பிரேக்கை மிதித்தால் அந்தச் சத்தம் மாறுகிறது. சற்றுத் தூரம் ஓடிய பின் குறைகிறது, ஆனால் முற்றாக நிற்பதில்லை. இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்களா அல்லது வேறு வேறு கோளாறுகளா என்பது எனக்கு விளங்கவில்லை. கார் இரவில் மரைன் டிரைவுக்கு மிக அருகில், கடற்காற்று நேராகப் படும் இடத்தில் நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

திருத்துமிடம் ஒன்றில் காட்டினேன். அவர்கள் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. ஜெக் அடித்து, சக்கரத்தைப் பிடித்து ஒரு முறை ஆட்டிவிட்டு, இரண்டு பக்க ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்), இரண்டு டிரம், பிரேக் ஷூ, ஷொக் அப்சோபர் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று கூறி ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் கணக்குச் சொன்னார்கள். டயர் கடையில் விசாரித்தபோது, “இது டயர்ச் சத்தம்தான், நான்கையும் மாற்றுங்கள்” என்றார்கள். என் சம்பளத்தில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். அதுவும் தவறான ஒன்றாகிவிட்டால் மற்றதற்குப் பணம் இராது. அடுத்த மாதம் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் செல்லவும் வேண்டியிருக்கிறது. எதை முதலில் சோதிப்பது, எவற்றைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த பொருளாக வாங்கலாம், எவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.


கொட்டாஞ்சேனை கராஜ் எழுதியது:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே சக்கரத்தில் சேர்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. வேகத்தோடு வளரும் முனகல் ஒன்று. அது டயராக இருக்கலாம், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங்காக இருக்கலாம். காலையில் சுற்றுக்கு ஒரு முறை உரசுவது மற்றையது. அது அநேகமாகப் பிரேக் டிரம்முக்கு உள்ளே இருப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மக்கள் ஒரு பக்கம் முழுவதையும் கழற்றி மாற்றுகிறார்கள்.

தொடங்குவதற்கு முன், டிக்கியைக் காலியாக்கி, மேலதிக டயரும் ஜெக்கும் தம் இடத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டயர் இடுக்குகளில் கல் சிக்கியிருந்தால் அகற்றுங்கள். வீல் நட்டுகள் அனைத்தும் இறுகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். காற்றழுத்தத்தைச் சாரதிக் கதவின் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, முனகல் வரும் வேகத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் காரைத் தானாக ஓடவிடுங்கள். இயந்திரத்தின் சுழற்சி குறைந்தும் முனகல் அதேபோல் தொடர்ந்து, காரின் வேகம் குறையும்போது மட்டும் குறைந்தால், அது இயந்திரத்திலிருந்தோ கியர் பெட்டியிலிருந்தோ வருவதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதைச் சோதிப்பதற்காகச் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்திவிடக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி அந்தக் கணத்தில் போய்விடும்.

பிறகு வீதியைக் கவனியுங்கள். புதிதாகக் காபட் இட்ட வழுவழுப்பான வீதியிலிருந்து சொரசொரப்பான பழைய தார் வீதிக்கு மாறும்போது சத்தத்தின் தன்மையே மாறினால், டயரைச் சந்தேகிக்க வேண்டும். வீதி எதுவானாலும் ஒரே சுருதியில் முனகினால், பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதிவேக நெடுஞ்சாலையின் நீண்ட வளைவுகளிலும் ஒரு தடயம் கிடைக்கும். வலப்பக்கம் வளையும்போது காரின் பாரம் இடச்சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் கூடி, இடப்பக்கம் வளையும்போது குறைந்தால், இடப்பக்கப் பெயாரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முன்சக்கரங்களில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிவதுபோலப் பின்சக்கரங்களில் எப்போதும் தெரிவதில்லை. எனவே மாற்றம் இல்லை என்பதற்காகப் பெயாரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை, இடப்பக்க முன் டயரையும் பின் டயரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிட்டு அதே வீதியில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான். சத்தம் டயரோடு சேர்ந்து முன்னால் வந்துவிட்டால் டயர். பின்னாலேயே நின்றுவிட்டால் டயர் அல்ல. டயர் கடையில் இதற்குக் கேட்பது சிறு தொகைதான், ஜெக் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். நான்கு டயர்களையும் விற்பதற்கு முன் அந்தக் கடைக்காரர் செய்திருக்க வேண்டிய சோதனையும் இதுவே.

டயர் கழற்றியிருக்கும்போது உள்ளங்கையை அதன் மேற்பரப்பில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் வாள் பல்லைப் போல் கூராகவும் தட்டுப்பட்டால், அல்லது சிறு குழிகள் வரிசையாக மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால், கண்ணுக்கு நல்லதாகத் தோன்றும் டயர்கூட முனகும். அந்தக் குழிகளுக்கு ஷொக் அப்சோபரின் தளர்ச்சியோ சக்கரக் கோணமோ காரணமாக இருக்கலாம்.

இனி ஜெக் சோதனை. சமதளத்தில் காரை நிறுத்தி, கியரை ‘பீ’யில் (P, பார்க் நிலை) விட்டு, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். உங்கள் கார் முன்சக்கர இழுவையுடையது. ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்தினால் பின்சக்கரங்கள் தடையின்றிச் சுழலும். பின்பக்கத்தை உயர்த்தி, கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள். ஜெக் மட்டும் தாங்கி நிற்கும் காருக்குக் கீழே கையையோ தலையையோ கொண்டுபோகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டுங்கள். அசைவு உணரப்பட்டால் பெயாரிங் நன்றாகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். அசைவு இல்லாவிட்டாலும் பெயாரிங் கெட்டிருக்கலாம். முனகத் தொடங்கிய பெயாரிங்குகள் பலவற்றில் ஆட்டம் இருப்பதில்லை. உங்களிடம் கணக்குச் சொன்னவர்கள் ஒரு முறை ஆட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான் போதாது.

ஆட்டிப் பார்த்த பின், ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் மெதுவாக வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிடுங்கள். நல்ல பெயாரிங் சுழலும்போது ஸ்பிரிங்கில் எதுவும் தெரியாது. கெட்ட பெயாரிங்கில் மணலை அரைப்பதுபோன்ற ஒரு நடுக்கம் விரல்நுனிகளுக்கு வந்து சேரும். காது கேட்கும் முன்பே கை சொல்லிவிடும். இதே சோதனையை வலப்பக்கத்திலும் செய்து ஒப்பிடுங்கள். சுழற்றிவிட்டதும் வலச்சக்கரம் சில சுற்றுகள் ஓடி, இடச்சக்கரம் உடனே நின்றுவிட்டால், இடப்பக்க ஷூ டிரம்மைவிட்டு விலகவில்லை என்பதற்கு அது அடையாளம். ஷூ இலேசாகத் தடவும் ஒலி டிரம் பிரேக்கில் இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டாம்.


தெஹிவளை வாகன் ஆர் எழுதியது:

கராஜ் ஐயா சொன்ன டயர் மாற்றிப் போடும் சோதனையை நான் மனமார ஆதரிக்கிறேன். என் காரில் இதேபோன்ற முனகலுக்குப் பெயாரிங் மாற்ற நாள் குறித்திருந்த நிலையில், டயரை இடம் மாற்றியதும் சத்தமும் கூடவே முன்னால் வந்துவிட்டது. பெயாரிங் வேலையைக் கைவிட்டு இரண்டு டயர்களை மட்டும் மாற்றினேன்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள் தம்பி. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது. இறப்பர் இறுகிப்போன பழைய டயர், பூ (மேற்பரப்பின் வெட்டுகள்) நிறைய இருந்தாலும் சத்தமிடும். மழைநாளில் பிடிப்பும் குறையும்.

ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம் உண்டு. பெயாரிங்தான் என்று தெரிந்தால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லதல்லவா? ஒரே வயதுடைய பொருட்கள். ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும். நீண்ட பயணத்துக்கு முன் மனநிம்மதிக்கு அதுவும் ஒரு விலைதான்.


பஞ்சிகாவத்தைப் பழக்கம் எழுதியது:

உதிரிப்பாகக் கடையில் வேலை செய்பவன் என்ற முறையில், வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொரோலா 121இன் பின் பெயாரிங் தனியாகப் பெயாரிங்காக வருவதில்லை. ஹப்பும் பெயாரிங்கும் சேர்ந்த ஒரே பாகமாக, நான்கு போல்ட்டுகளால் அச்சில் பூட்டப்பட்டு வருகிறது. பிரஸ் இயந்திரத்தில் வைத்து அடித்து ஏற்றும் வேலை இதில் இல்லாததால் கூலி குறைவு; உங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் ஹப் வேறு வேறு. ஏபிஎஸ் உள்ளதில் உணரியும் அதன் இணைப்பும் ஹப்பின் பின்புறத்திலேயே அமைந்திருக்கும். எனவே கடைக்கு வரும்போது சேசி இலக்கத்தைக் கொண்டுவாருங்கள். முடிந்தால் கழற்றிய பழைய ஹப்பையும் கொண்டுவாருங்கள். வாயால் “121” என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்துத் தருவார்.

பாவித்த ஹப் வாங்காதீர்கள். வெட்டி இறக்கிய கார்களிலிருந்து வரும் ஹப், கையில் சுழற்றும்போது பட்டுப்போல ஓடலாம். ஆனால் அதற்குள் இருக்கும் கிறீஸின் வயதையோ, அந்தக் கார் வெள்ளத்தில் நின்றதா என்பதையோ யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பாரம் ஏறி வேகம் எடுத்த பிறகே அது தன் நிலைமையைக் காட்டும். அதைப் பூட்டக் கொடுத்த கூலியும் அப்போது வீணாகிவிடும். கோயோ, என்எஸ்கே, என்டிஎன் ஆகிய ஜப்பானியப் பெயர்களில் வரும் புதிய ஹப் ஒன்றை வாங்குவதே என் ஆலோசனை. இந்தப் பெயர்களைப் போட்ட போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் சிலவற்றைக் கவனியுங்கள். இலக்கங்கள் பெட்டியில் மட்டுமன்றி உலோகத்திலும் தெளிவாகப் பொறிக்கப்பட்டு, இரண்டும் ஒத்திருக்க வேண்டும். சீல் நெளியாமல் இருக்க வேண்டும். சுற்றியுள்ள கடைகள் எல்லாம் ஒரு விலை சொல்லும்போது ஒரு கடை மட்டும் பாதி விலை சொன்னால், அங்கே வாங்க வேண்டாம். பற்றுச்சீட்டில் பாகத்தின் இலக்கத்தையும் மாற்றித் தரும் காலத்தையும் எழுதி வாங்குங்கள்.

டிரம் வேறு விடயம். அதைப் பாவித்ததாக வாங்குவதில் தவறில்லை, ஏனென்றால் அதன் தேய்மானத்தை அளக்கலாம். அதிகூடிய விட்டம் எவ்வளவு என்பது டிரம்மின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உள்விட்டத்தை அளக்கும்போது அதைத் தாண்டாமலும், வெடிப்பு இல்லாமலும் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் பழைய டிரம்மை மாற்றவே வேண்டியிருக்குமா என்பது சந்தேகம். பிரேக் ஷூவை மட்டும் எப்போதும் புதிதாக, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் மக்கள் இந்தப் பழைய கார்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டியதால், 121இன் உதிரிப்பாகம் எங்கள் தெருவில் கிடைக்காமல் போனதில்லை. ஆதலால் அவசரப்பட்டு முதற் கடையிலேயே வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.


வெள்ளவத்தை 121 எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே சோதித்துப் பார்த்தேன்.

இடப்பக்க முன், பின் டயர்களை இடம் மாற்றிவிட்டு, அதிவேக நெடுஞ்சாலையில் கொட்டாவையில் ஏறிக் கஹதுடுவை வரை ஓட்டினேன். முனகல் கொஞ்சமும் மாறாமல் இடது பின்பக்கத்திலேயே நின்றது. காலை எடுத்துவிட்டாலும் தொடர்ந்தது. வலப்பக்க வளைவில் சற்றுக் கூடியதுபோல் தோன்றியது. பிறகு நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஸ்டாண்ட் வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தினோம். சக்கரத்தில் ஆட்டம் இல்லை. ஆனால் ஸ்பிரிங்கில் கை வைத்துச் சுழற்றியபோது ஐயா எழுதிய அந்த நடுக்கம் இடப்பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கத்தில் எதுவுமே இல்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. வலச்சக்கரம் சுழற்றிவிட்டதும் தாராளமாக ஓடுகிறது, இடச்சக்கரம் ஒரு சுற்றுக்குள் நின்றுவிடுகிறது. ஓட்டி வந்த உடனேயே இரண்டு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம்; இடப்பக்கத்தில் அனல் வீசியது. ஆகவே உரசலும் முனகலும் வேறு வேறு என்பது உறுதியாகிவிட்டது. டயர்களின் மேற்பரப்பில் குழியோ கூரோ இல்லை.

இப்போது என் கேள்விகள் இவைதான். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே தடவையில் செய்யலாமா? வலப்பக்க ஹப்பையும் மாற்ற வேண்டுமா? வேலையைச் செய்யும் மெக்கானிக்கிடம் நான் எவற்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?


கொட்டாஞ்சேனை கராஜ் எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. இரண்டு வேலைகளையும் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். டிரம்மைக் கழற்றாமல் ஹப்பை எடுக்க முடியாது. டிரம்மைக் கழற்றிவிட்டால் உரசலின் காரணமும் கண்முன் வந்துவிடும். இரண்டுக்கும் உறவும் இருக்கலாம். ஷூ விலகாமல் தொடர்ந்து உரசினால் டிரம் சூடேறுகிறது, அந்தச் சூடு ஹப்புக்குப் போகிறது, பெயாரிங்குக்குள் இருக்கும் கிறீஸ் தன் காலத்துக்கு முன்பே கெட்டுப்போகிறது. எனவே உரசலைத் திருத்தாமல் புதிய ஹப் ஒன்றை மட்டும் பூட்டினால் அதுவும் அதே சூட்டில் வேகும். களனி ஆறு பெருகும் நாட்களில் வெல்லம்பிட்டிப் பக்கம் தேங்கிய நீருக்குள் ஓடிய கார்களில் பெயாரிங் முனகி வருவதையும் நான் பார்ப்பதுண்டு; சக்கரத்தின் மையம் வரை நீர் ஏறியிருந்தால் சீல் வழியாக உள்ளே போய்விடும். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் வலப்பக்கத்தையும் சில மாதங்கள் காது கொடுத்துக் கவனியுங்கள்.

டிரம் இறுகிப்போய் வராவிட்டால் சுத்தியலால் ஓங்கி அடிக்க விடாதீர்கள். டொயோட்டா டிரம்மின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுகள் இரண்டை ஏற்றி மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். அப்போதும் ஷூ பிடித்திருந்தால், ஷூக்களைத் தாங்கும் பின்தட்டின் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும்.

திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதச் சம்மதிக்காதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே முறை. பிறகு டிரம்மின் வெளி விளிம்பை விரலால் தடவுங்கள். அங்கே துருவும் தேய்மானமும் சேர்ந்து ஒரு சிறு வரம்பு எழும்பியிருக்கும், ஷூவின் ஓரம் அதில் தட்டும். அதை இலேசாகத் தேய்த்துவிட்டால் போதும். உட்பரப்பில் ஷூ இரவு முழுவதும் பதிந்திருந்த இடத்தில் பட்டையாகத் துரு தெரிந்தால், சுற்றுக்கு ஒரு முறை வரும் உங்கள் காலைச் சத்தத்துக்கு அதுதான் காரணம். கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு இது வழக்கம். ஷூவின் லைனிங் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால், அல்லது பிரேக் ஒயிலோ கிறீஸோ ஊறியிருந்தால், இரண்டு பக்கத்துக்கும் புதிது போட வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பழையதையே பாவிக்கலாம். ஷூ சாய்ந்து நகரும் பின்தட்டின் சிறு மேடைகள் காய்ந்து பள்ளம் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்து, துருவைச் சுரண்டி, வெப்பம் தாங்கும் கிறீஸை மிகச் சிறிதளவு தடவச் சொல்லுங்கள். லைனிங்கில் அது ஒரு துளியும் படக் கூடாது.

ஷூ விலகாததற்கு என் முதற் சந்தேகம் ஹாண்ட் பிரேக் கேபிள்தான். ஒருவர் உள்ளே இருந்து ஹாண்ட் பிரேக்கை இழுத்து விடட்டும், நீங்கள் டிரம் கழற்றிய இடத்தில், கேபிள் இழுத்து ஷூவைத் தள்ளும் நெம்பைப் பாருங்கள். விட்டதும் அது சட்டென்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகவோ பாதியளவோ திரும்பினால் கேபிளின் உறைக்குள் நீரும் துருவும் புகுந்திருக்கின்றன. அதற்குள் எண்ணெய் விடுவது சில வாரங்களுக்குத்தான் உதவும். அந்தப் பக்கக் கேபிளை மாற்றிவிடுங்கள். கேபிள் நன்றாக இருந்தால், பிரேக்கை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹப்பைப் பற்றி. நான்கு போல்ட்டுகளையும் கழற்றினால் பின்தட்டும் சேர்ந்து விடுபடும். அது பிரேக் குழாயில் தொங்கி அதை வளைத்துவிடாதபடி ஒரு போல்ட்டால் உடனே தாங்கிவைக்க வேண்டும். புதிய ஹப்பைச் சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. உள்ளிருக்கும் குண்டுகள் ஓடுபாதையில் பதிந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கிவிடும், முதல் நாளிலிருந்தே முனகும். அச்சின் முகத்திலிருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் துடைத்தால் ஹப் கையாலேயே உட்காரும். வீல் நட்டுகளை எயார் கன்னால் முடிந்தவரை முறுக்குவதை அனுமதிக்காதீர்கள். உங்கள் காருக்கு 103 நியூட்டன் மீற்றர், டோர்க் ரெஞ்சில், குறுக்கும் நெடுக்குமாக.

தெஹிவளைத் தங்கச்சி கேட்டதற்கும் சேர்த்து: ஷூவும் ஷொக் அப்சோபரும் சோடியாக மாற்ற வேண்டியவை, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும், தள்ளாடும். பெயாரிங் அப்படியல்ல. நல்ல பெயாரிங் ஒன்று புதிய பெயாரிங்குக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் எந்தக் கேடும் இல்லை. பிரஸ் செய்து ஏற்றும் கார்களில், கழற்றும் கூலி மிச்சமாகும் என்று சோடியாக மாற்றுவதில் ஒரு நியாயம் இருக்கலாம். நான்கு போல்ட்டில் கழன்றுவரும் ஹப்புக்கு அந்த நியாயம் பொருந்தாது. வலப்பக்கத்தில் கைக்கு எதுவும் தெரியவில்லை என்கிறார் தம்பி. அந்தப் பணத்தைக் கேபிளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மெக்கானிக்கிடம் பொருளின் விலையையும் கூலியையும் வேறு வேறாக எழுதித் தரச் சொல்லுங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்கள் உங்களுக்கு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.


தெஹிவளை வாகன் ஆர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். கடற்கரைப் பக்கம் காரை நிறுத்துபவர்கள் ஹாண்ட் பிரேக்கை இரவு முழுவதும் இழுத்து வைப்பது சரியா? எங்கள் தரிப்பிடம் சமதளம்தான்.


கொட்டாஞ்சேனை கராஜ் எழுதியது:

சமதளமானால், ஒட்டோ கியரை ‘பீ’யில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்திவைக்கலாம். நாட்கணக்கில் கார் நிற்பதாக இருந்தால் அப்படிச் செய்வதே நல்லது. ஷூ டிரம்மில் ஒட்டிப் பிடிக்காது. ஆனால் பகலில் ஓட்டும்போது ஹாண்ட் பிரேக்கைப் பாவிக்காமலே இருந்துவிடாதீர்கள், பாவிக்காத கேபிளும் இறுகிப்போகும். சரிவில் நிறுத்தும்போது இழுத்தே ஆக வேண்டும்.

தம்பி, யாழ்ப்பாணப் பயணத்தை இந்த வேலை முடிந்த பிறகு வையுங்கள். நடுக்கம் கைக்குத் தெரிகிற பெயாரிங்கோடும், அனல் வீசுகிற டிரம்மோடும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போகக் கூடாது. அதுவரை நகரத்துக்குள் மெதுவாக ஓட்டலாம். அரைக்கும் சத்தம் வந்தாலோ, சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ, ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இழுவை வாகனத்தை அழையுங்கள். வேலை முடிந்ததும் கொழும்புக்குள்ளேயே சில நாட்கள் ஓட்டி, 100 கிலோமீற்றர் அளவில் வீல் நட்டுகளை மீண்டும் டோர்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பயணத்தன்று புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ தேநீருக்கு நிறுத்தும்போது, இரண்டு பின்சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் தொடர்ந்து போகலாம். இடப்பக்கம் மட்டும் கொதித்தால் கேபிளை மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு இங்கேயே எழுதுங்கள்.